229 என்றால் 230

போன எபிசோட்டில் 'ஓஃப் பை வன்' பிழையைப் பற்றிக் கதைச்சபோது, "கோடுக்கு வெளியில இதுக்கு உதாரணம் இருக்கோ?" என்று சிலபேர் கேட்டிருந்தீங்கள். இருக்கு. ஒரு நாட்டையே உலகக் கிண்ணத்திலிருந்து வெளியில அனுப்பின உதாரணம்.

முதல்ல எங்கட கதை. போன கோடை, ஏக்கபேர்க் மைதானம், 20 ஓவர் சிநேகிதர் ஆட்டம். 'யர்' மழை இல்லை என்று சொன்னது, பெய்தது. எதிரணி 140. நாங்கள் 10 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 72. ஓவருக்கு 7 என்று பார்த்தால் நாங்கள் 2 ஓட்டம் முன்னுக்கு. "வென்றாச்சு!" என்று கத்தினோம். எதிரணியில் ஒருத்தன் ஃபோனை நீட்டி, "டக்வேர்த் லூயிஸ் படி சமநிலைக்கே 75 வேணும் மச்சான்" என்றான். கார் தரிப்பிடத்தில் நனைஞ்சபடி அரை மணித்தியாலச் சண்டை.

அவன் சொன்னது சரி. ஓவரும் விக்கெட்டும் சேர்ந்ததுதான் ஒரு அணியின் கையிருப்பு. ஓவரை மட்டும் எண்ணக்கூடாது. வெளியில் கிடைக்கிற பழைய அட்டவணையில், 10 விக்கெட்டும் கையில் இருக்க 20 ஓவர் மிச்சம் என்றால் கையிருப்பு 56.6 வீதம். 10 ஓவர் மிச்சம், 5 விக்கெட் போயிருந்தால் 26.1. கழித்து, வகுத்து, 140 ஆல் பெருக்கினால் 75. ஒரு விக்கெட்டும் போகாமல் இருந்திருந்தால் சமநிலைக்கு வெறும் 60 காணும். ஆக, எங்கட ஐந்து அவசரத் துடுப்பாட்டக்காரரின் விலை 15 ஓட்டம். எனக்கு இது நியாயமாத்தான் படுது. (நான் மூன்றாவதாக அவுட் ஆனவன் என்பதை விட்டுவிடுவோம்.)

இதுக்கு முந்தின விதி எவ்வளவு மோசம் என்று 1992 மார்ச் 22, சிட்னி அரையிறுதியில் தெரிஞ்சது. இங்கிலாந்துக்கு எதிராகத் தென்னாபிரிக்காவுக்கு 13 பந்தில் 22 தேவை. 12 நிமிட மழை. அப்போதைய விதி, முதல் அணி குறைவாக ஓட்டம் எடுத்த ஓவர்களைத்தான் கழிக்கும். நல்லாப் பந்து போட்டதுக்கே தண்டனை! திரும்பி வந்தபோது ஒரு பந்தில் 21. மைதானத்துத் திரையோ 22 என்று காட்டியது. அங்கேயும் ஒன்று பிசகு.

இதுக்குப் பிறகுதான் ஃபிராங்க் டக்வேர்த்தும் டோனி லூயிஸும் கணக்கைக் கட்டினார்கள். 1997 ஜனவரி 1, ஹராரேயில் முதல் பாவனை. ஆனால் சூத்திரம் சரியாக இருந்தும் ஒரு அணி கவிழலாம்.

2003 மார்ச் 3, டேர்பன். இலங்கை 268. மழை தூறத் தூறத் தென்னாபிரிக்கா துரத்துது. 45ஆவது ஓவர் முரளி. ஐந்தாம் பந்தில் மார்க் பவுச்சர் சிக்ஸர், ஸ்கோர் 229. உள்ளே இருந்து வந்த தகவல்: 229 காணும். கடைசிப் பந்தை அலட்டிக்கொள்ளாமல் தட்டிவிட்டு நின்றார், ஓடவில்லை. ஆட்டம் அத்தோட நின்றது. 229 என்பது 'பார்', அதாவது சமநிலை எண். வெல்ல 230. ஆட்டம் டை, போட்டியை நடத்தின நாடு முதல் சுற்றோட வீட்டுக்கு. சூத்திரத்தில பிழையே இல்லை. '>' போடவேண்டிய இடத்தில் '>=' என்று வாசிச்சார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், திருச்சூர்ப் பொறியியலாளர் வி. ஜெயதேவனின் விஜேடி முறை. இன்னிங்ஸைக் கட்டங்களாகப் பிரிச்சு, இரண்டு வளைகோடுகளை வைச்சுக் கணக்குப் பார்க்கும். இந்திய உள்ளூர்ப் போட்டிகளிலும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கிலும் இதுதான். 2012இல் ஐசிசி, இருக்கிறதை விட மேலானதில்லை என்று சொல்லி ஏற்கவில்லை. ஆக, அதே மழை, அதே ஸ்கோர், சேப்பாக்கத்தில் ஒருத்தர் வெல்லலாம், சர்வதேச ஆட்டத்தில் மற்றவர் வெல்லலாம்.

எது நல்ல சூத்திரம் என்று எனக்குச் சண்டை இல்லை. என்னைக் குடைவது வேற. 2014இலிருந்து ஸ்டீவன் ஸ்டேர்ன் பார்த்துக்கொள்கிற சர்வதேசப் பதிப்பு மென்பொருள் இல்லாமல் ஓடாது. அரங்கில் இருக்கிறவன் பென்சிலால் சரிபார்க்க ஏலாது. வேலையில் நாங்கள் எழுதுகிற எந்தத் தீர்ப்புச் சொல்லும் கோடுக்கும் "ஏன்?" என்று கேட்டால் பதில் வேணும் என்று அடம்பிடிக்கிறோம், இதுக்கு மட்டும் ஏன் விலக்கு?

எங்கட அணியில் இப்ப பழைய அட்டவணையை லெமினேட் பண்ணி கிட் பையில் வைச்சிருக்கிறம். நாணயம் சுண்ட முதல் இரண்டு கப்டன்மாரும் அதில் கையொப்பம். 'பார்' நிரலைக் கறுப்பு மார்க்கரால் அடிச்சிட்டு, பக்கத்தில் ஒன்று கூட்டி எழுதியிருக்கு.