கையெழுத்துப் போடுமுன்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் ஒரு வீவக வீடு. விடியற்காலையில் கதவு தட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அதிகாரிகள். அலமாரியில் ஒரு பை. "கூட்டாளி கொடுத்து வச்சான், உள்ள என்னன்னு தெரியாதும்மா" என்கிறான் மகன். அம்மா நம்புவார். சட்டம் நம்பாது.

1973-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் நிரூபிக்கும் பாரம் தலைகீழாக இருக்கிறது. பை உங்கள் வசம் இருந்தால், உள்ளே இருப்பது என்ன என்பதும் உங்களுக்குத் தெரியும் என்றே அது எடுத்துக்கொள்ளும். தூய ஹெராயின் 2 கிராமைத் தாண்டினால், விற்கத்தான் வைத்திருந்தீர்கள் என்றும் கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலை. கடத்தியது 15 கிராமுக்கு மேல் என்றால் மரண தண்டனை. இந்த எடை பொடியின் மொத்த எடையல்ல, அதில் கலந்திருக்கும் தூய ஹெராயினின் எடை.

அதனால்தான் முதல் சில மணி நேரத்தில் வாயிலிருந்து வரும் வார்த்தைக்கு இத்தனை கனம். வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியல் சாசனம் தருகிறது. ஆனால் கைதான உடனேயே அவரைப் பார்க்க முடியாது, வாக்குமூலம் எடுக்கும்போது அவர் பக்கத்தில் உட்காரவும் மாட்டார். குற்றச்சாட்டைப் படித்துக்காட்டி எடுக்கும் வாக்குமூலத்தில் உங்கள் தரப்பை முழுக்கச் சொல்லாவிட்டால், பிறகு சொல்வதை நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கலாம்.

இங்கேதான் மொழி வருகிறது. கஞ்சாக் கடத்தல் வழக்கில் தண்டிக்கப்பட்ட தங்கராஜு சுப்பையாவின் கை அந்தக் கஞ்சாவில் படவே இல்லை. 1,017.9 கிராம் கஞ்சாவோடு அவரைப் பிணைத்தவற்றில் முக்கியமானவை இரண்டு கைபேசி எண்கள். வாக்குமூலத்தின்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டும் கிடைக்கவில்லை என்றார் அவர். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2023 ஏப்ரல் 26-இல் தூக்கு.

காப்பிக்கடையில் பேசுகிற ஆங்கிலம் வாக்குமூலத்துக்குப் போதாது. "யெஸ் சார்" என்று தலையாட்டுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அன்றைக்கு அதை விட்டுவிடுங்கள். தமிழில் கேளுங்கள், தமிழில் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லித் திருத்திய பிறகே கையெழுத்துப் போடுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால், அதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சொன்னது காப்பாற்றியதும் உண்டு. மலேசியரான கோபி அவடியான், தான் கொண்டுவந்தது சாக்லேட் கலந்த லேசான டிஸ்கோ மருந்து என்று நம்பியதாகச் சொன்னவர். மேல்முறையீட்டில் மரண தண்டனை விதிக்கப்பட்ட பிறகும் வழக்கு மறுபடி திறக்கப்பட்டு, 2020 அக்டோபரில் அந்தத் தண்டனை நீங்கியது. கிடைத்தது 15 ஆண்டுச் சிறையும் 10 பிரம்படியும்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று யாரும் ஒதுங்க வேண்டாம். மரண தண்டனை வழக்கில் வெளிநாட்டவருக்கும்கூட இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றக் குற்ற வழக்குகளில், வசதி குறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2022 டிசம்பரில் தொடங்கிய அரசின் பொதுத் தற்காப்பு அலுவலகத்தை நாடலாம்.

பழக்கத்தில் விழுந்த பிள்ளையின் வீட்டுக்கு இன்னொரு பயம். போதைக்கு அடிமை என்று மருத்துவருக்குச் சந்தேகம் வந்தால், 7 நாட்களுக்குள் அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும். காய்ச்சலுக்குக்கூட கிளினிக் போகத் தயங்குபவர்கள் இருந்தால் அதில் என்ன ஆச்சரியம்? கடுமைதான் ஊரைக் காக்கிறது என்பது அரசின் வாதம். பயந்து ஒளிந்த நோயாளியை அது எப்படிக் காக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை.

மரண தண்டனையிலிருந்து தப்ப 2013 முதல் ஒரு சிறு வாசல் இருக்கிறது. பொருளைச் சுமந்துவந்தவர் மட்டுமே என்று நிரூபணமாகி, ஒழிப்புப் பிரிவுக்குப் பெரிதும் உதவினார் என்ற சான்றிதழை அரசுத்தரப்பு கொடுத்தால், ஆயுள் தண்டனையும் குறைந்தது 15 பிரம்படியும் விதிக்கலாம். உதவ வேண்டுமென்றால் சொல்வதற்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். அடிமட்டத்தில் பை தூக்குபவனுக்கு என்ன தெரியும்? 51.84 கிராம் ஹெராயினோடு 2014-இல் உட்லண்ட்ஸில் பிடிபட்ட பன்னீர்செல்வம் பரந்தாமன் வெறும் சுமப்பவர்தான் என்று நீதிமன்றமே ஏற்றது. சான்றிதழ் வரவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியா கட்டாய மரண தண்டனையை நீக்கி இரண்டு ஆண்டுக்கு மேலாகியிருந்தபோது, 2025 அக்டோபர் 8-இல் சாங்கியில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.