நாட்பட்ட களைப்பும் 'இயற்கை' மாத்திரைகளும்

மாதக்கணக்கில் நீடித்து, உறக்கத்தாலும் ஓய்வாலும் நீங்காது, சிறு உழைப்பின் பின்னரும் தீவிரமடைவது நாட்பட்ட களைப்பு நோய். அதனைச் சோம்பலென இகழ்வது அறியாமையாகும். இந்நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. அந்த வெற்றிடத்தையே 'இயற்கை' என்ற முத்திரையுடன் விற்பனையாகும் மாத்திரைகள் நிரப்ப முனைகின்றன.

1991 ஆம் ஆண்டு 'லான்செட்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், மக்னீசியம் ஊசி பெற்ற 15 பேரில் 12 பேர் நலம் கண்டனர்; போலி ஊசி பெற்ற 17 பேரில் மூவரே நலம் கண்டனர். எனினும், நோயாளரின் குருதியில் மக்னீசியம் குறைவென்ற அதன் முடிவைப் பிந்திய ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. விற்றமின்களையும் கனியுப்புகளையும் இந்நோய்க்குச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்பதே பிரித்தானியாவின் 'நைஸ்' நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டலின் நிலைப்பாடு. குறைபாடு கண்டறியப்பட்டால் அதனை நிரப்புவது வேறு. நோய் தீருமென நம்பி விழுங்குவது வேறு.

இயற்கையானவை யாவும் தீங்கற்றவையல்ல. குருதி உறைதலைத் தடுக்கும் வார்பரின் மருந்தின் பயனை ஜின்செங் குறைக்கலாம். தலசீமியா உள்ளோர் வைத்திய ஆலோசனையின்றி இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்வது ஆபத்தானது. குருதிச்சோகை, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு ஆகியனவும் களைப்பாகவே வெளிப்படுகின்றன. எனவே, மாத்திரைப் போத்தலுக்குப் பணம் செலவிடுமுன் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையை நாடிக் குருதியைப் பரிசோதிப்பதே விவேகமென நாம் வலியுறுத்துகிறோம்.