ஒரு வைரஸ் மட்டுமா?

கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர் ஆட்சி. வெள்ளிமலையும் சுற்றியுள்ள ஊர்களும் மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தன. அன்றைக்கு ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு ஓயாத வெள்ளைப்படுதல் என்றாலும், மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து உதிரம் பட்டாலும், வீட்டுப் பெரியவளிடம் சொல்லிப் பச்சிலை வாங்குவதே பெரும்பாலும் வழி. பலர் அதையும் சொல்லவில்லை. அந்த இடத்து நோயைப் பற்றி வாய் திறந்தால் முதலில் கேள்வி எழுவது அவள் நடத்தை மேல்தான்.

அதே காலத்தில், இந்த அறிகுறிகளுக்குப் பின்னால் இருக்கக்கூடிய கர்ப்பவாய்ப் புற்றுநோய்க்கு உலக மருத்துவமும் வேறொரு வைரஸைத்தான் காரணமாகப் பிடித்துவைத்திருந்தது. கன்னியாஸ்திரிகளிடம் கருப்பைப் புற்றுநோய் குறைவு என்று இத்தாலிய மருத்துவர் ரிகோனி ஸ்டெர்ன் 1842இலேயே எழுதியதிலிருந்து, உடலுறவு வழியே பரவும் ஏதோ ஒன்று காரணம் என்ற சந்தேகம் இருந்தது. 1960களின் கடைசியில் அது ஹெர்பிஸ் இரண்டாம் வகை மேல் விழுந்தது. நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் அதிகம் தென்பட்டதே ஆதாரம். ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹாசன் கட்டிகளுக்குள் ஹெர்பிஸின் டி.என்.ஏ.வைத் தேடினார், அகப்படவில்லை. மருவை உண்டாக்கும் பாப்பிலோமா குடும்பத்தின் பக்கம் திரும்பினார். 1983இல் ஹெச்.பி.வி. (மனிதப் பாப்பிலோமா வைரஸ்) 16ஆம் வகையைக் கட்டிகளில் கண்டார், அடுத்த ஆண்டு 18ஆம் வகையை. நோபல் வர 2008 ஆயிற்று.

சென்னையில் நடந்து 2003இல் வெளியான ஆய்வொன்றில், கர்ப்பவாய்ப் புற்றுநோய் வந்த பெண்களில் ஒருவரைத் தவிர எல்லோரிடமும் ஹெச்.பி.வி. இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த, நோயில்லாத பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அது இருந்தது என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். வைரஸ் இல்லாமல் இந்தப் புற்றுநோய் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் வைரஸ் வந்த எல்லோருக்கும் புற்றுநோய் இல்லை. பெரும்பாலானோர் உடல் ஓரிரண்டு ஆண்டில் அதைத் துடைத்துவிடுகிறது. தங்கிவிட்டால்தான் வினை. அதன் ஈ6, ஈ7 என்ற இரு புரதங்கள், செல் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் பி53, ஆர்பி ஆகியவற்றை முடக்கிவிடுகின்றன. இதற்கும் பத்து, இருபது ஆண்டு ஆகும்.

தங்கவைப்பது எது? புகை, அடிக்கடி பிரசவம் இவற்றோடு கூட வரும் தொற்றுகளும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லாதது ஹெச்.ஐ.வி. சென்னையில் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றைக் கண்டது 1986இல். காவலுக்கு இருக்கும் சி.டி.4 செல்கள் குறையும்போது ஹெச்.பி.வி. நிலைத்துவிடுகிறது; ஹெச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கர்ப்பவாய்ப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய ஆறு மடங்கு. பழைய சந்தேக நபரான ஹெர்பிஸும் முழுதாக விடுதலையாகவில்லை. 2002இல் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்த ஆய்வு, ஹெச்.பி.வி. உள்ளவர்களிடம் ஹெர்பிஸும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகிறது என்றது. அதே ஆண்டு நார்டிக் நாடுகளின் ஆய்வு அப்படி எதுவும் இல்லை என்றது. ஹெர்பிஸின் புண்ணும் அழற்சியும் ஹெச்.பி.வி. உள்ளே நுழைய வழிவிடலாம் என்பது வரை ஏற்கலாம். இதேபோலச் சந்தேகிக்கப்படும் எப்ஸ்டீன்-பார் என்ற இன்னொரு வைரஸ் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை.

மலைக்குத் திரும்பினால், கல்வராயன் இருக்கும் கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. 2022இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. ஆனால் எனக்குப் பெரிய மாற்றமாகப் படுவது கட்டடம் அல்ல, செவிலியர் கையில் இருக்கும் பஞ்சு. நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் உள்ள அதே பொருள், கர்ப்பவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் கெட்ட இடம் வெளுத்துக் காட்டும். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் செவிலியர்களே செய்த இந்தச் சோதனை சாவை 35 சதவீதம் குறைத்ததாக 2007இல் லான்செட் இதழில் வந்தது. பிறகு மாநிலமெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இது போனது. இருந்தும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுக்குள் ஒருமுறையாவது சோதித்துக்கொண்ட தமிழகப் பெண்கள் 9.8 சதவீதம். நாட்டிலேயே இதுதான் அதிகம் என்பதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரசு மருத்துவமனையில் ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம்; கர்ப்பவாய்ச் சோதனைக்கு வேறு அறை. ஹெச்.ஐ.வி. உள்ள பெண்ணை 30 வரை காக்கவைக்காமல் 25 வயதிலேயே சோதிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் அறையிலிருந்தே இரண்டாம் அறைக்குக் கைபிடித்து அனுப்பிவைப்பது அவ்வளவு கடினமான வேலையில்லை.

ஹெச்.பி.வி. தடுப்பூசியிலும் இந்தக் கூட்டுத் தொற்றுக் கணக்கு வருகிறது. மற்றச் சிறுமிகளுக்கு ஒரு ஊசியே போதும் என்று வந்துவிட்டது, ஹெச்.ஐ.வி. உள்ளவளுக்கு இரண்டாவது வேண்டும், முடிந்தால் மூன்று. 14 வயதுச் சிறுமிகளுக்கு ஊசி போடத் தமிழக அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் பணம் ஒதுக்கியது. பள்ளியில் இருப்பவளைத் தேடிப் பிடிப்பது எளிது. ஆனால் கல்வராயனில் வேலை வற்றும் மாதங்களில் குடும்பம் குடும்பமாகக் கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். அப்பா அம்மாவோடு போய்ப் படிப்பை நிறுத்திய பெண் எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இருக்கமாட்டாள். அவள் பெயரைக் கிராம சுகாதாரச் செவிலியர்தான் எழுதிவைக்க வேண்டியிருக்கும்.