காற்று கொண்டுபோன குஜராத், காற்று கொண்டுவந்த ஆப்பிரிக்கா: தெரியுமா?

ஆடி மாதம் மாரியம்மன் கோயில் வாசலில் சொம்பை நீட்டி வாங்கிக் குடிக்கிறோமே கூழ், அந்தக் கேழ்வரகும் கம்பும் ஆப்பிரிக்க மண்ணில் பிறந்தவை, தெரியுமா? கேழ்வரகை முதன்முதலில் விதைத்தவர்கள் எத்தியோப்பியா, உகாண்டா மேட்டுநிலத்து உழவர்கள். கம்பு சகாராவின் தெற்கு விளிம்பில், இன்றைய மாலி நாட்டுப் பக்கம் பயிராக மாறியது. சோளத்துக்குச் சொந்த ஊர் சூடான். அவ்வளவு ஏன், ரசத்தில் கரைக்கும் புளியே ஆப்பிரிக்க மரம்தான்!

சரி, இவை எந்த வாசல் வழியாக உள்ளே வந்தன? இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய கம்பு மணிகளில் சில, குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்டவை. ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமை! விதையை யார் கொண்டுவந்தார்கள், எந்தப் படகில் என்று எழுதி வைக்க அன்று ஆளில்லை. ஆனால் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு மாநிலமும் ஒரு கண்டமும் கொண்ட உறவு, ஒரு பிடி தானியத்தில் தொடங்கியிருக்கிறது.

அந்த உறவுக்கு மாலுமி வேலை பார்த்தது காற்று. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்றில் பாயை விரித்தால் குஜராத்தின் கட்ச் வளைகுடாவிலிருந்து கிளம்பிய கப்பல் ஆப்பிரிக்கக் கரையில் போய் நிற்கும். சித்திரை, வைகாசியில் காற்று திசை மாறும்; அதே கப்பல் அதே பாயோடு வீடு திரும்பும். நடுவில் இருக்கும் மாதங்களில் என்ன செய்வது? வியாபாரம் செய்ய வேண்டியதுதான். பழக வேண்டியதுதான். பலர் அங்கேயே குடும்பமாகவும் ஆனார்கள்.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன், பெயர் தெரியாத ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' என்ற கையேட்டில் ஒரு சரக்குப் பட்டியல் இருக்கிறது. இன்றைய பரூச் பக்கத்திலிருந்து சோமாலியக் கரைக்குப் போனவை: கோதுமை, அரிசி, நெய், நல்லெண்ணெய், பருத்தித் துணி, கரும்பிலிருந்து எடுத்த இனிப்பு. மளிகைக் கடையே கப்பலேறிப் போயிருக்கிறது!

இந்தக் கதையை எல்லோரும் ஒரே திசையில்தான் சொல்கிறார்கள். 'நம்மவர்கள் ஆப்பிரிக்கா போனார்கள், கடை போட்டார்கள், கோடீஸ்வரர் ஆனார்கள்.' அது பாதிக் கதை. ஆப்பிரிக்கர்கள் இங்கே வந்து என்ன செய்தார்கள் என்பது மறுபாதி. எனக்கு அந்த மறுபாதிதான் பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

பரூச் மாவட்டத்தில் ரத்தன்பூர் என்ற ஊர். சுற்றிலும் குன்றுகள், குன்றுக்குள் அகேட் கல். குழி வெட்டி எடுக்கும்போது அது மங்கிய பழுப்பில், கவனிப்பாரற்ற கூழாங்கல் மாதிரிதான் இருக்கும். அதை மாதக்கணக்கில் வெயிலில் காயவைப்பார்கள். பிறகு மண்சட்டியில் அடுக்கி, மெல்லக் கனலும் தணலில் சுடுவார்கள். கல்லுக்குள் இருக்கும் இரும்புச்சத்து சூட்டில் மாறி, சட்டியைத் திறந்தால் ரத்தச் சிவப்பு! அதுதான் சூதுபவளம். காம்பத் ஊர்ப் பட்டறைகளில் அதைத் தட்டி உடைத்து, தேய்த்து உருட்டுவார்கள். நூல் கோக்கத் துளை போட ஒரு துரப்பணம் உண்டு. அதன் நுனியில் கடுகைவிடச் சிறிய வைரத் துகள்கள் இரண்டு பதித்திருக்கும். வில்லை முன்னும் பின்னும் இழுக்க இழுக்கத் துரப்பணம் சுழலும், துளையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். இந்த மணிகள் தான்சானியாவின் கில்வா துறைமுக இடிபாடுகளில் கிடைத்திருக்கின்றன. நம் கொடுமணல், கீழடி அகழாய்வுகளில் கிடைத்த சூதுபவள மணிகளின் கல்லும் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் அதிசயம் இன்னும் முடியவில்லை. ரத்தன்பூர்க் குன்றின் மேல் ஒரு தர்கா. அங்கே அடங்கியிருப்பவர் பாவா கோர். அபிசீனியாவிலிருந்து, அதாவது இன்றைய எத்தியோப்பியப் பக்கத்திலிருந்து, வந்த மகான் என்பது ஊர் நம்பிக்கை. இங்கே அகேட் தொழிலை வளர்த்தவரே அவர்தான் என்கிறார்கள். இந்தியக் கல்லை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய தொழிலுக்குக் காவல் தெய்வமாக ஓர் ஆப்பிரிக்கர்! அவரோடு வந்ததாகச் சொல்லப்படும் சகோதரி மாய் மிஸ்ராவுக்கும் அங்கே சன்னிதி உண்டு. முஸ்லிம்களும் இந்துக்களும் சேர்ந்தே நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள்.

அகமதாபாத்துக்குப் போனால் சிதி சையத் மசூதியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். ஒரே மரம், வளைந்து பின்னிப் பிணைந்த கிளைகள், அத்தனையும் கல்லில் குடைந்த சன்னல். வெளிச்சம் அந்தக் கிளைகளுக்கு நடுவே வடிந்து இறங்கும். அகமதாபாத் ஐ.ஐ.எம். நிறுவனத்தின் சின்னம் இந்தச் சன்னலிலிருந்து பிறந்தது. கட்டியவர் சிதி சையத், ஓர் அபிசீனியப் பிரபு! ஆண்டு 1573. அக்பரின் படை குஜராத்தைக் கைப்பற்றிய அதே காலம். ஒரு மாநகரத்தின் அடையாளத்தை ஆப்பிரிக்கர் ஒருவர் கொடுத்திருக்கிறார் என்று எத்தனை சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரியும்?

சூரத் அருகே சச்சின் என்ற சமஸ்தானத்தை 1791 முதல் இந்திய விடுதலை வரை ஆண்டவர்களும் ஆப்பிரிக்க வம்ச நவாபுகளே.

எல்லோரும் நவாபாக வரவில்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினரான சிதி மக்களின் முன்னோர் பலர் அடிமைகளாகக் கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்கள். கிர் காட்டின் ஓரம் ஜம்பூர், சிர்வான் கிராமங்களில் இன்றும் அவர்கள் சமூகம் வாழ்கிறது. பேச்சு குஜராத்தி, உடை குஜராத்தி; முரசு மட்டும் ஆப்பிரிக்காவை விடவில்லை. தமால் ஆட்டத்தில் முகர்மான் முரசு அதிரும், மலுங்கா என்ற ஒற்றை நரம்பு வில்வாத்தியம் ரீங்கரிக்கும். ஆட்டம் உச்சத்துக்குப் போனதும் ஒருவர் தேங்காயை மேலே எறிவார். அது அவர் தலையில் விழுந்தே உடையும்! ஜம்பூரைச் சேர்ந்த சிதிப் பெண்மணி ஹீராபாய் லோபிக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தன் சமூகத்துப் பெண்களை இயற்கை உரம் தயாரிப்பிலும் சேமிப்பிலும் இணைத்தவர் அவர். இந்த விருது வெகு தாமதமாக வந்தது என்பதே என் எண்ணம்.

இப்போது கடலைத் தாண்டுவோமா? வாஸ்கோடகாமா 1498-ல் ஆப்பிரிக்காவின் மலிந்தித் துறைமுகத்தை அடைந்தபோது, அங்கிருந்து கோழிக்கோட்டுக்கு வழி தெரியாமல்தான் நின்றார். வழிகாட்டி ஒருவர் அங்கேயே கிடைத்தார். அவர் குஜராத்தியர் என்று போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் பரோஸ் எழுதுகிறார். கட்ச் மக்கள் 'அவர் எங்கள் மாண்ட்வி ஊர் கான்ஜி மாலம்' என்று சொந்தம் கொண்டாடுகிறார்கள். பெயரில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: ஐரோப்பியர் 'கண்டுபிடித்த' பாதை, அந்த வழிகாட்டிக்கு வருஷாவருஷம் போய்வரும் பாதை!

சான்சிபார் தீவின் சுங்கவரி முழுவதையும் வசூலிக்கும் உரிமை, 1830-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் யாரிடம் இருந்தது தெரியுமா? கட்ச் வணிகர் ஜெய்ராம் சிவ்ஜியின் நிறுவனத்திடம்! சுல்தானுக்கே கடன் கொடுத்த பெட்டி அது. அந்தத் தீவின் ஸ்டோன் டவுனில் சந்து சந்தாக நடந்தால் மரக்கதவுகள் கண்ணைப் பறிக்கும். அவற்றில் ஒரு வகைக்குக் 'குஜராத்திக் கதவு' என்றே பெயர். சின்னச் சின்னச் சதுரங்களாக மடங்கும் பலகை, பித்தளைக் குமிழ்கள். கடற்கரையில் நிற்கும் பழைய மருத்துவமனை மாளிகைக்கு 1887-ல் அடிக்கல் நாட்டச் செய்தவர், கட்சிலிருந்து போன தாரியா தோபன். மரவேலைப்பாடு மிகுந்த அதன் மாடங்களைப் பார்த்தால் அகமதாபாத் ஹவேலி மாளிகை ஒன்று கடல் தாண்டி வந்ததோ என்று தோன்றும்.

இந்தச் செல்வத்தின் அடியில் இருளும் உண்டு. அதை மறைத்துவிட்டு வியப்பது நியாயமில்லை. யானைத் தந்தமும் அடிமைகளும் தேடி உள்நாட்டுக்குப் போன வணிகக் கூட்டங்களுக்கு இந்த வணிகர்களின் பணமும் முதலாக இருந்தது. 1860-ல் பிரிட்டிஷ் தூதர் ரிக்பி சான்சிபார் இந்தியர்களிடமிருந்த அடிமைகளை ஆயிரக்கணக்கில் விடுவிக்க வேண்டியிருந்தது. குஜராத் கல்யாணங்களில் மணப்பெண் கைநிறைய அணிந்த தந்த வளையல்களுக்காகச் செத்த யானைகளும் ஆப்பிரிக்கக் காடுகளில்தான் செத்தன.

தீவின் கிராம்பையும் சொல்ல வேண்டும். 1937-ல் சான்சிபார் அரசு கிராம்பு வியாபாரத்திலிருந்து இந்தியர்களை ஒதுக்கச் சட்டம் போட்டது. இந்தியாவில் காங்கிரஸ் என்ன செய்தது தெரியுமா? சான்சிபார்க் கிராம்பையே புறக்கணிக்கச் சொன்னது! பிரியாணிக்குப் போடும் கிராம்பு ஒரு சர்வதேசப் போராட்டமாகிவிட்டது. அடுத்த ஆண்டே சமரசம் ஏற்பட்டது.

அதே ஸ்டோன் டவுனில் 1946-ல் ஒரு பார்சிக் குழந்தை பிறந்தது. பெயர் ஃபரூக் பல்சாரா. குடும்பத்தின் பூர்விகம் குஜராத்தின் வல்சாட். பழைய பெயர் பல்சார். அந்தக் குழந்தைதான் பின்னாளில் 'குயின்' இசைக்குழுவின் ஃபிரெடி மெர்குரி!

கென்யாவிலும் உகாண்டாவிலும் 1920 வரை செல்லுபடியான பணம் இந்திய ரூபாய். மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை 1896-க்கும் 1901-க்கும் இடையே ரயில்பாதை போட்டபோது, 30,000-க்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பஞ்சாபியர், அங்கே உழைத்தார்கள். ஏறத்தாழ 2,500 பேர் உயிர் இழந்தார்கள். தண்டவாளம் நகர நகரக் கூடவே கடைகள் முளைத்தன. அவற்றில் ஒரு பெரிய சங்கிலி அல்லிதினா விஸ்ராமுடையது. கட்சின் கேரா கிராமத்திலிருந்து சிறுவனாகக் கப்பலேறியவர்!

போர்பந்தரில் காந்தி பிறந்த வீட்டை ஒட்டி 'கீர்த்தி மந்திர்' நினைவகம் இருக்கிறது. 79 ஆண்டு வாழ்ந்தவருக்கு 79 அடி உயரம். 1950-ல் சர்தார் படேல் திறந்துவைத்தார். கட்டிய பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? உகாண்டாக் கரும்பிலிருந்து! சிறுவயதிலேயே பாய்மரக் கப்பலில் ஆப்பிரிக்கா போன நான்ஜி காளிதாஸ் மேத்தா, 1924-ல் லுகாசியில் சர்க்கரை ஆலை தொடங்கியவர். நினைவகத்தைக் கட்டிக் கொடுத்தவர் அவரே. காந்தியையும் முதலில் ஆப்பிரிக்காவுக்கு அழைத்தது போர்பந்தர் வணிகர் தாதா அப்துல்லாவின் நிறுவனம்தானே? ஒரு வருஷ வழக்கு வேலைக்கு 1893-ல் போனவர் தங்கியது இருபது ஆண்டுகளுக்கு மேல். அவருடைய போராட்டத்தில் சிறைபட்டு உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மை நம் வீட்டுப் பெண். 1948-ல் காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதி, உகாண்டாவின் ஜிஞ்ஜாவில் நைல் நதி புறப்படும் இடத்தில் கரைக்கப்பட்டது.

அந்த உகாண்டாவிலிருந்துதான் 1972 ஆகஸ்டில் அதிபர் இடி அமீனின் உத்தரவு வந்தது: 90 நாளில் ஆசியர்கள் வெளியேற வேண்டும். மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் ஆலை, கடை, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு விமானம் ஏறினார்கள். பெரும்பாலோர் குஜராத்தியர். பல்லாயிரம் பேர் பிரிட்டனில் போய் இறங்கினார்கள். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும், இல்லையா? முடியவில்லை! அமீன் வீழ்ந்தபின் மேத்தா குடும்பமும், ககிரா சர்க்கரை ஆலையின் மத்வானி குடும்பமும் திரும்பிப் போய், புதர் மண்டிக் கிடந்த தோட்டங்களைத் திருத்தி மறுபடி கரும்பு நட்டன. பறித்தவர்களின் மண்ணையே மறுபடி நம்பிய அந்த மனசு எனக்குச் சர்க்கரை ஆலையைவிடப் பெரிதாகப் படுகிறது. பக்கத்துக் கென்யாவோ 2017-ல் தன் ஆசிய வம்சாவளியினரை நாட்டின் 44-வது பழங்குடியாக அறிவித்தது!

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். மாண்ட்வியில் ருக்மாவதி ஆற்றங்கரையில் இன்றும் மரக்கப்பல் கட்டுகிறார்கள். வரைபடத் தாள் கிடையாது. மேஸ்திரியின் கண்ணளவுதான் கணக்கு. பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து அடித்துத் திணிப்பார்கள். நனைந்தால் பஞ்சு உப்பும், தண்ணீர் உள்ளே வராது. இப்படிக் கட்டிய கப்பல்கள், பாய்க்குப் பதில் டீசல் எஞ்சின் பொருத்திக்கொண்டு, பெரிய கப்பல்கள் எட்டிப்பார்க்கத் தயங்கும் சோமாலியத் துறைமுகங்களுக்கு இன்றைக்கும் அரிசியும் சர்க்கரையும் சுமந்து போகின்றன. கடற்கொள்ளையரிடம் சிக்கி மீண்டவர்களும் இந்த மாலுமிகளில் உண்டு.

கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக அணியும் கங்கா துணி குஜராத்தின் ஜெத்பூரில் அச்சாகிறது. ஓரத்தில் கரை, கீழே சுவாஹிலியில் ஒருவரிச் செய்தி. போட்ஸ்வானாச் சுரங்க வைரம் சூரத்தில் பட்டை தீட்டப்படுகிறது. ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி தன் ஆண்டுக் கூட்டத்தை 2017-ல் காந்திநகரில் நடத்தியது. காந்திநகரின் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2023-ல் ஜிஞ்ஜாவில் வளாகம் திறந்தது. ஆம், காந்தியின் அஸ்தி கரைந்த அதே ஜிஞ்ஜா!

அதே 2023-ல் நம் சென்னை ஐ.ஐ.டி.யும் வெளிநாட்டில் தன் வளாகத்தைத் திறந்தது. இந்திய ஐ.ஐ.டி. ஒன்று கடல் கடந்தது அதுவே முதல் முறை. அதற்கு இயக்குநரான பிரீத்தி அகாலாயம், ஐ.ஐ.டி. ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண். வளாகம் எந்த ஊரில் தெரியுமா? சான்சிபாரில்!