கொதித்த எஞ்சினும் நாம் ஊற்றிய தண்ணீரும்

1993 ஆம் ஆண்டின் கோடையில் ஒன்ராறியோவின் தென்பகுதியில் அப்பிள் தோட்டம் ஒன்றில் நாம் வேலை செய்துகொண்டிருந்தோம். எமது அகதி விண்ணப்பம் அப்போது விசாரணைக்கு வந்திருக்கவில்லை. கையில் இருந்தது தற்காலிக வேலை அனுமதி மட்டுமே. மரவரிசைகளுக்கு இடையே வளரும் புல்லை வெட்டும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதற்கெனத் தரப்பட்டது, மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் பூட்டிய சிறிய ரக்ரர். தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே நுழைந்து செல்லத்தக்க உயரம். வயிற்றின் கீழே புல்வெட்டி. ஊரில் பெரிய மாசி பேர்குசன்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு விளையாட்டுப் பொருளாகவே தோன்றிற்று.

யூலை மாதத்து நண்பகல் ஒன்றில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நாம் பதறி எஞ்சினை அந்தக் கணமே நிறுத்தினோம். அதுவே முதற் பிழை. நீராவி சீறி வெளியேறவில்லை, விசிறி பெல்ற் அறவில்லை என்றால், புல்வெட்டிக்குச் செல்லும் விசையைத் துண்டித்துவிட்டு எஞ்சினைச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட வேண்டும். விசிறியும் தண்ணீரும் இயங்கிக்கொண்டிருக்கையில் வெப்பம் சீராக இறங்கும். சட்டென நிறுத்தினால் தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்று சிலிண்டர் தலையைச் சுற்றிக் கொதிக்கும்.

பின்னர் கொட்டகைக் குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றினோம். எவருக்கும் சொல்லவில்லை. இயந்திரத்தைப் பழுதாக்கியவன் என்ற பெயரோடு வேலை போய்விடுமோ, அது விசாரணையிலும் எமக்கு எதிராக வந்து நிற்குமோ என்ற அச்சம். பழுதை விளக்கிச் சொல்லும் ஆங்கிலமும் அன்று எம்மிடம் இருக்கவில்லை. நாளுக்கு ஒரு போத்தல் என்றிருந்தது இரண்டாயிற்று. மூன்று வாரங்கள் இவ்வாறே கழிந்தன.

டீசல் எரிந்து தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பயனுள்ள வேலையாகிறது. ஏறத்தாழ இன்னொரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைத் தண்ணீரே சுமந்து சென்று, றேடியேற்றரில் காற்றிடம் கையளிக்க வேண்டும். காரில் ஓடும் வேகமே காற்றைக் கொண்டுவந்து தரும். புல்வெட்டும் ரக்ரரோ நடைவேகத்தில் ஊர்கிறது. அதற்கு விசிறி ஒன்றே துணை. போதாததற்குத் தான் வெட்டியெறியும் புல்லையும் விதையையும் தானே முகத்தில் வாரிப் பூசிக்கொள்கிறது. ஆகவே சிறிய ரக்ரர் கொதித்தால் முதலில் ஐயுற வேண்டியது தண்ணீரை அன்று, காற்றை. இதை எமக்குக் காட்டித் தந்தவர் எம்முடன் வேலை செய்த மூத்தவர் ஒருவர். கிளிநொச்சியில் நெடுங்காலம் ரக்ரர் ஓட்டியவர்.

ஒருநாள், ஆறாத எஞ்சினின் றேடியேற்றர் மூடியைத் திறக்க நீண்ட எமது கையை அவர் தட்டிவிட்டார். "தம்பி, அதிலை கை வையாதையும். முகம் அவிஞ்சுபோம்" என்றார். அவர் சொன்னதில் மிகை இல்லை. அத்தகைய மூடி சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.9 கிலோ அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 119 பாகை செல்சியஸ் வரை கொதியாமல் இருக்கும். மூடி திறந்ததும் அழுத்தம் அற்று, அவ்வளவு தண்ணீரும் ஒரே கணத்தில் பொங்கி எழும். மேற் குழாயை வெறுங்கையால் தயக்கமின்றிப் பிடிக்க முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பின்னும் தடித்த துணியால் மூடியைப் பொத்தி, முதற் தடைவரை மட்டும் திருகி, மூச்சு அடங்கியபின்பே முற்றாகத் திறக்க வேண்டும். தண்ணீர் வற்றிக் கொதிக்கும் எஞ்சினில் குளிர்நீரை ஊற்றினால் சிலிண்டர் தலை வெடிக்கவும் கூடும்.

எஞ்சின் ஆறியபின் அதை மெதுவாக ஓடவிட்டு, மதிய உணவு சுற்றி வந்த பத்திரிகைத் தாளை றேடியேற்றரின் முன்வலையில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கீழ்ப்பகுதியில் தாள் காற்றிழுப்பில் ஒட்டிக்கொண்டது. நடுவிலும் மேலும் வழுக்கி விழுந்தது. இத்தனைக்கும் முன்வலையை நாம் நாள்தோறும் தட்டித் துப்புரவாக்கியே வந்தோம். எஞ்சினை நிறுத்தி வலையைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வலையைக் கடந்த நுண்விதைகள் றேடியேற்றரின் மெல்லிய தகடுகளுக்கிடையே எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளிபோல் இறுகியிருந்தன.

அதை முன்னிருந்து கழுவினால் அழுக்கு மேலும் உள்ளே ஏறும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கியே காற்றையோ தண்ணீரையோ செலுத்த வேண்டும், அதுவும் மென்மையாக. வேகத் தாரை தகடுகளை மடித்துவிடும். அரை நாள் வேலை. அடுத்து மூடியைப் பார்த்தார். உள்ளிருந்த றப்பர் வளையம் மரத்துப்போய் வெடித்திருந்தது. அழுத்தம் பிடிக்காததால் தண்ணீர் முன்னதாகவே கொதித்து வழிந்தோடியிருக்கிறது. இத்தனைக்கும் புதிய மூடியின் விலை சில டொலர்களே.

விசிறி பெல்ற்றையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். அரை அங்குலத்துக்கும் குறைவாகவே அமிழ்ந்தது, அதில் குறையில்லை. தேர்மோஸ்ராற்றைக் கழற்றி நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அது திறக்கிறதா என்பதைக் கண்ணால் காணலாம். ஊரில் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டே ஓட்டுவார்கள். குளிர் நாட்டில் அது தகாது. எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் டீசல் அரைகுறையாக எரிந்து எண்ணெயைக் கெடுக்கும். பழைய ஜப்பானியச் சிறு ரக்ரர்கள் சிலவற்றில் நீர்ப்பம்பியே கிடையாது. சுடுநீர் தானாக மேலெழும் இயல்பாலேயே அவற்றில் ஓட்டம் நடைபெறுகிறது. தண்ணீர் மேற்தொட்டிக்குக் கீழே இறங்கினால் அந்த ஓட்டமே நின்றுவிடும்.

இவை யாவும் சரியாயிருந்தும் முள் ஏறினால், குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து இயக்கிப் பார்க்கலாம். தண்ணீரில் இடைவிடாது குமிழி வந்தாலோ, எண்ணெய் பால்தேநீர் நிறமானாலோ, தலை காஸ்கெற் போய்விட்டது. அது மெக்கானிக்கின் வேலை. கொதிக்கக் கொதிக்க ஓட்டினால் சென்றடையும் இடமும் அதுவே.

எமது ரக்ரரின் முள் நடுவில் வந்து நின்றது. கதை முடிந்தது என்றே எண்ணினோம். மூத்தவரோ, "எவ்வளவு பச்சைத் தண்ணி விட்டனீர்?" என்று கேட்டார். குழாய்த் தண்ணீர் என்றோம். அவர் தலையில் கை வைத்தார். "இது கிளிநொச்சி இல்லைத் தம்பி. பனிக்கு முன்னம் துரையிட்டைச் சொல்லிப்போடும்."

அதில் இருந்தது உறையாநீர்க் கலவை. பாதிக்குப் பாதி கலந்தால் பூச்சியத்துக்குக் கீழே 37 பாகை அளவுவரை உறையாது. நாம் ஊற்றிய ஒவ்வொரு போத்தலும் அந்தக் காவலைக் குறைத்திருந்தது. தண்ணீர் உறைகையில் விரியும்; வார்ப்பிரும்பும் அதைத் தாங்காது. சுண்ணாம்பு வேறு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை அறியாதவர் எம்மில் இல்லை. தென் ஒன்ராறியோவின் நிலத்தடி நீரும் பல இடங்களில் அத்தகையதே. கலவைக்கு வடித்த நீரே ஏற்றது.

சொல்ல எமக்கு ஒரு மாதம் பிடித்தது. தோட்டக்காரர் எத்தனை போத்தல் என்று மட்டுமே கேட்டார். விரல்களைக் காட்டினோம், விரல்கள் போதவில்லை. சோதனைக் குழாயில் சிறிது கலவையை உறிஞ்சி எமக்கும் காட்டினார். பூச்சியத்துக்குக் கீழே 8 பாகையில் உறையும் என்றது அது. அன்று மாலையே எம்மைக்கொண்டு முழுவதையும் ஒரு வாளியில் வடிக்கச் செய்து புதிய கலவையை ஊற்றுவித்தார். அந்த நஞ்சு இனிக்கும், நாய் குடித்தால் இறந்துவிடும் என்று சைகையால் உணர்த்தி, வாளியைத் தாமே தூக்கிச் சென்றார்.

அந்த மாரியில் ஓர் இரவு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைவரை இறங்கியது. மறுநாட் காலை அதே ரக்ரரை இயக்கி, கொட்டகை வாசலிலிருந்து தெருவரை பனியை வழித்தோம்.