சிலிக்கா சொல்லும் வரிசை

ஏரியைச் சுற்றுலாத் தலமாக்குவது என்றாலே நடைபாதை, படகுத்துறை, உணவகம், வண்ண விளக்கு என்றுதான் திட்டம் தொடங்குகிறது. தண்ணீரைப் பற்றிய பேச்சு கடைசியில் வருகிறது, சில சமயம் வருவதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதற்கு ஒடிசாவின் சிலிக்கா நல்ல சான்று. மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும் இந்த உவர்நீர் ஏரி, 1981இலேயே ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால், மகாநதியின் கிளைகள் கொண்டுவந்த வண்டல் ஏரியைத் தூர்த்தது. கரையோர நீரோட்டம் தள்ளிய மணல் முகத்துவாரத்தை அடைத்தது. கடல்நீர் வரத்துக் குறைந்ததும் உவர்ப்பு இறங்கியது, நன்னீர்க் களைகள் பரவின, கடலிலிருந்து மீன்குஞ்சும் இறால் குஞ்சும் உள்ளே வரும் வழி சுருங்கியது. 1993இல் சிலிக்கா, ஆபத்திலுள்ள ஈரநிலங்களுக்கான மான்ட்ரூ பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

2000 செப்டம்பரில் மணல்திட்டை வெட்டிப் புதிய முகத்துவாரம் திறந்தார்கள். 1990களின் இறுதியில் ஆண்டுக்கு 2,000 டன்னுக்கும் கீழே போயிருந்த மீன்பிடிப்பு, 2001-02இல் 10,000 டன்னைத் தாண்டியது. களைகள் பின்வாங்கின. 2002இல் பதிவேட்டிலிருந்து சிலிக்காவின் பெயர் நீக்கப்பட்டது. பயணிகள் தேடி வரும் ஐராவதி ஓங்கில்களுக்கும் (டால்பின்கள்) மீன் தின்னும் பறவைகளுக்கும் இந்த மீன்வளம்தான் உணவு. ஆகவே சிலிக்காவின் சுற்றுலாவுக்காகச் செய்யப்பட்ட முதலீடுகளில் மிகப் பெரியது, சுற்றுலாக் கணக்கிலேயே வராத அந்த மண்வெட்டு வேலைதான்.

தண்ணீர் சீரானால் மட்டும் போதாது. சிலிக்காவில் இருப்பவை ஏறத்தாழ 150 ஓங்கில்கள். ஒலியைக் கொண்டு வழியும் இரையும் அறியும் விலங்குகள் அவை. சாத்தபடா பகுதியில் அவற்றைக் காட்டுவதற்காக இயந்திரப் படகுகள் நெருங்கிச் சூழும்போது, அந்த இரைச்சல் அவற்றின் வாழ்வுக்கே இடைஞ்சலாகிறது. ஏரியின் வடகரையில் உள்ள மங்களாஜோடியில் வேறு காட்சி. ஒருகாலத்தில் பறவைகளை வேட்டையாடி விற்றவர்களில் பலர், இன்று அந்தச் சதுப்பில் துடுப்புக்கோல் ஊன்றிப் படகு செலுத்திப் பறவைகளைக் காட்டுகிறார்கள். இயந்திரம் இல்லாததால் பறவைகள் மிரளுவதில்லை. பயணிகளாலும் அருகிலிருந்து நிதானமாகப் பார்க்க முடிகிறது. பறவை உயிரோடு இருந்தால்தான் வருமானம் என்ற நிலை வந்ததும், காவலுக்கு வெளியாள் தேவைப்படவில்லை.

படகுகளுக்கு வரம்பு வைத்தால் ஏழைப் படகோட்டியின் வயிற்றில் அடிப்பதாகாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால், ஓங்கில் இடம்பெயர்ந்தால் முதலில் பிழைப்பை இழப்பவரும் அவர்தான். முறைவைத்து ஓட்டுவதும், கட்டணத்தை உயர்த்திச் சமமாகப் பங்கிடுவதும், ஓங்கிலைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்துவதும் நடக்கக்கூடியவையே. மங்களாஜோடி சிறிய ஊர், அந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பார்கள். உண்மைதான், ஆழமான நீரில் கோல் ஊன்ற முடியாது. ஆனால் உள்ளூர்க்காரர் கையில் வருமானமும் பொறுப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு நீரின் ஆழம் தடையில்லை. மணலும் ஓய்வதில்லை என்பதால், முகத்துவாரத்தை ஆண்டுதோறும் அளந்து பராமரிக்கும் செலவைச் சுற்றுலா வருவாயிலிருந்தே ஒதுக்க வேண்டும்.

சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி நம் பழவேற்காடு. அதன் முகத்துவாரமும் மணலால் அடைபடுகிறது. அங்கே படகுத்துறை கட்டும் முன் முகத்துவாரத்தைச் சீராக்குங்கள். மீனவர்களைக் கேட்டு முடிவெடுங்கள்.