தன்னைத் தின்று நகரும் மூளைக்கட்டி: தெரியுமா?

நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது, தெரியுமா? பழுதான புரதங்களையும் ஓய்ந்துபோன நுண்ணுறுப்புகளையும் சவ்வுப் பையில் சுற்றி, லைசோசோம் என்ற செரிப்பு அறையில் கரைத்து, மறுபடி உணவாக்கிக்கொள்கிறது! இந்தத் தன்செரிமானத்தின் மரபணுக்களை யோஷினோரி ஓசுமி என்ற ஜப்பானியர் கண்டுபிடித்தது எதில்? ஆப்பமாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டில். 2016இல் நோபல் பரிசு!

இனி அந்த மூளைக்கட்டிக்கு வருவோம். மூளைப் புற்றுகளில் மிகக் கொடியது கிளியோபிளாஸ்டோமா. அது மூளையை விட்டு வெளியே போவது அபூர்வம். உள்ளுக்குள்ளேயே ரத்தக்குழாய் ஓரமாகவும் நரம்பிழைகள் வழியாகவும் ஊர்ந்து பரவும். 1928இல் வால்டர் டேண்டி என்ற அமெரிக்க மருத்துவர் கட்டியோடு மூளையின் வலப்பாதியையே எடுத்துப் பார்த்தார். அப்படியும் நோய் திரும்பியது!

ஊர்வதற்கும் தின்பதற்கும் என்ன தொடர்பு? அதிசயமே இங்கேதான். பனையேறுகிறவர் மேலே கையால் அணைத்துக்கொண்டு, கீழே காலின் பிடியைத் தளர்த்தி இழுப்பார் அல்லவா? செல்லும் அப்படித்தான், பின்பிடியை விட்டால்தான் முன்னே போக முடியும். அந்தப் பிடியில் இருக்கும் பாக்ஸிலின் புரதத்தைத் தன்செரிமானம் தின்று கழற்றிவிடுகிறது என்று வேறு சில புற்றுச் செல்களில் 2016இல் கண்டார்கள். கிளியோபிளாஸ்டோமாவின் தண்டுச் செல்களிலோ, டிராம்1, பி62 என்ற தன்செரிமானப் புரதங்களைக் குறைத்ததும் ஊடுருவல் குறைந்தது. ஆனால் இன்னோர் ஆய்வில் தன்செரிமானத்தைத் தூண்டிவிட்டபோதும் செல்களின் ஓட்டம் தளர்ந்தது! ஒரே வேலைக்கு இரண்டு முகம்.

மலேரியா மாத்திரையான குளோரோகுயின் இந்தத் தன்செரிமானத்தைத் தடுக்கும் என்பது தெரியுமா? மெக்சிகோவில் 30 கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு அதையும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 24 மாதம், எடுக்காதவர்களுக்கு 11. சிறிய ஆய்வு, அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. குளோரோகுயினின் உறவு மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினை வைத்து 2014இல் வந்த அமெரிக்க ஆய்வில் ஆயுள் கூடவில்லை. உடம்பு தாங்கும் அளவு மருந்து, தன்செரிமானத்தை எல்லோரிடமும் ஒரே சீராகத் தடுக்கப் போதவில்லை. ஆகவே மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம்.

தக்கலைக்காரர்களே, ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் திருவனந்தபுரம். மூளை அறுவைக்கு அங்கே ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம், கதிர்வீச்சுக்கு மண்டலப் புற்றுநோய் மையம். நடுவயதில் முதல் தடவையாக வலிப்பு வந்தால் அது மூளைக்கட்டியின் அறிகுறியாகவும் இருக்கலாம்; இரும்புச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தலையை ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.